தண்ணீரில் விட்ட தேன்துளி எதைச் சொல்கிறது?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் குஞ்சப்பனையைக் கடந்து செல்பவர்கள், ஓரத்தில் பலாப்பழங்களோடும் தேன் பாட்டில்களோடும் நிற்கும் வியாபாரிகளைப் பார்த்திருப்பார்கள். வண்டி நின்றதும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டுத் தேனை விடுவார்கள். சொட்டு கரையாமல் இறங்கி அடியில் போய்ப் படியும். "பாத்துக்கோங்க, ஒரிஜினல் மலைத்தேன்" என்பார்கள். வாங்க வந்தவரும் நம்பிக்கையோடு பணத்தை எடுப்பார். அந்தப் பாட்டிலில் இருப்பது அசல் தேனாகவே இருக்கலாம். விற்பவரின் நேர்மையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் பேச நினைப்பது அந்த டம்ளரைப் பற்றித்தான். அது உண்மையில் எதையாவது சோதிக்கிறதா?

தண்ணீர்ச் சோதனை தனியாக வருவதில்லை. சுத்தமான தேன் தாளில் ஊறாது, தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசினால் எரியும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது, தட்டில் ஊற்றித் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் தேன்கூட்டின் அறுகோணம் தெரியும், எத்தனை நாளானாலும் உறையாது என்று ஒரு பெரிய பட்டியலே உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் இந்த மலையில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் குறும்பர், இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய தந்தையரும் மாமன்மாரும் கொடி ஏணியில் பாறைச் சரிவில் இறங்கி, புகை போட்டு, உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுக்கிறார்கள். அப்படி எடுத்த தேனை, வெறும் கைபேசிச் செய்தியை நம்பி, "இது கலப்படம்" என்று ஒருவர் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தத் தவறான சோதனைக்கு விலை கொடுப்பவர் யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தேன் என்னவென்று பார்த்துவிடலாம். பூவின் மதுவைத் தேனீ வயிற்றுப் பையில் கொண்டுவந்து, நொதிகளைச் சேர்த்து, கூட்டில் வைத்து, சிறகால் விசிறி நீரை வற்றச் செய்வதால் கிடைக்கும் அடர்த்தியான சர்க்கரைக் கரைசல்தான் தேன். சராசரித் தேனில் ஃப்ரக்டோஸ் 38 சதவீதமும் குளுக்கோஸ் 31 சதவீதமும் நீர் 17 சதவீதமும் அளவில் இருக்கும். மீதி மற்றச் சர்க்கரைகள், அமிலங்கள், தாது உப்புகள், நொதிகள், மகரந்தம். தேனை வாசனையும் நிறமும் குணமும் உள்ள பொருளாக ஆக்குவது அந்தச் சிறிய மீதிப் பங்குதான். ஆனால் அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, தண்ணீரில் மூழ்குகிறதா, தாளில் ஊறுகிறதா, எரிகிறதா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவை சர்க்கரையும் நீரும் மட்டுமே. நீர் குறைவாக உள்ள எந்தச் சர்க்கரைப் பாகும் இந்த விஷயங்களில் தேனைப் போலவே நடந்துகொள்ளும். சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு சோதனையைப் பார்த்ததும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "நல்ல தேன் இதில் தேறுகிறதா?" என்பதைவிட, "கெட்ட தேன் இதில் தோற்கிறதா?" என்பதுதான். எதை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டும் தராசில் தங்கத்தை வைத்து, எடை சரியாக இருக்கிறது என்று மகிழ்வதில் பொருளில்லை. இரண்டு பதில்களையும் சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அது சோதனை. அதை அறிய ஒரே வழி, அசல் என்று நிச்சயமாகத் தெரிந்த பொருளையும் போலி என்று நிச்சயமாகத் தெரிந்த பொருளையும், எது எதுவென்று அறியாதவர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பதுதான். வியப்பு என்னவென்றால், இந்தச் செய்திகளை அனுப்பும் எவரும் போலித் தேனை வைத்துச் செய்து பார்த்ததாகச் சொல்வதில்லை. வீட்டிலுள்ள நல்ல தேனை டம்ளரில் விடுகிறார்கள், அது மூழ்குகிறது, சோதனை உண்மை என்று முடிவு கட்டுகிறார்கள்.

எனவே வகுப்பிலேயே செய்து பார்த்தோம். ஒரு மாணவனின் குடும்பம் பாறையில் எடுத்த மலைத்தேனை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டோம். பொந்துத்தேன் ஒரு பாட்டில் கிடைத்தது. சர்க்கரையைக் கம்பிப் பதம் வரை காய்ச்சி, காய்ச்சும்போதே எலுமிச்சைச் சாறு பிழிந்து ஒரு பாகு செய்தோம். எலுமிச்சையின் அமிலம் சாதாரணச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்துவிடுவதால் அந்தப் பாகு ஆறினாலும் எளிதில் பூக்காது. சர்க்கரையின் வகையிலும் தேனுக்கு மிக அருகில் வந்துவிடும். வெல்லப் பாகு ஒன்று. பாதித் தேனும் பாதிப் பாகும் கலந்தது ஒன்று. தண்ணீர் கலந்த தேன் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் குப்பிகளில் ஊற்றி எண் ஒட்டி, எண்களின் விவரத்தை, சோதனையில் பங்கெடுக்காத சக ஆசிரியை ஒருவரிடம் கொடுத்து வைத்தோம். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என் முகமே பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும்.

தண்ணீரில் எல்லாக் குப்பியின் சொட்டும் மூழ்கியது. தேனின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு, கெட்டியான பாகும் அதற்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். மூழ்காமல் என்ன செய்யும்? மூழ்கிய பிறகு எது கலையாமல் நிற்கிறது என்று பார்த்தாலும் பயனில்லை. நன்றாகக் காய்ச்சிய எலுமிச்சைப் பாகுதான் மற்ற எல்லாவற்றையும்விட அழகாக அடியில் படிந்து நின்றது. தண்ணீர் கலந்த தேன் மட்டும் விரைவில் கலைந்தது. தாள் சோதனையில் இன்னும் மோசம்: பாகு தாளின் மேல் முத்தாக நின்றது, பாறையிலிருந்து வந்த மலைத்தேனோ தன்னைச் சுற்றி ஈர வளையத்தை விட்டது. தீயிலும் அதே கதை. ஈரம் குறைந்தது எரிந்தது, ஈரம் மிகுந்தது படபடவென்று வெடித்தது. ஆக இந்த மூன்று சோதனைகளும் அளப்பது ஒன்றையே, அதாவது நீரின் அளவை. தேனீ தொட்டதா இல்லையா என்பதை இவற்றில் ஒன்றும் அளக்கவில்லை.

மலைத்தேன் ஏன் தோற்றது என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அநியாயம் நடக்கிறது. பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றை அடையாகக் கூடு கட்டும் பெருந்தேனீயின் தேனில் இயல்பாகவே நீர் அதிகம். எடுக்கும் நேரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியிருப்பது வழக்கம். கூடு திறந்த வெளியில் தொங்குகிறது, பருவமழை நெருங்கும் காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. ஆகவே காட்டிலிருந்து நேரே வந்த, யாரும் எதையும் சேர்க்காத தேன் இளக்கமாக ஓடும். இந்த இளக்கத்தைக் கண்டு "தண்ணி ஊத்திட்டாங்க" என்று சொல்பவர்கள், ஆலையில் பதமாகக் காய்ச்சிக் கெட்டியாக்கிய பொருளை நம்பிக்கையோடு வாங்கிப் போகிறார்கள். தேர்வு தலைகீழாகிவிடுகிறது.

எறும்புச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோத்தகிரிக் குளிரில் மாலை நேரத்தில் எறும்பே வெளியே வராது. வெயில் ஏறிய பிறகு எல்லாக் குப்பியின் சொட்டுக்கும் வந்தது.

அறுகோணச் சோதனை வேறு வகை. அதைக் காணும்போது மனம் உண்மையிலேயே மயங்குகிறது. வெள்ளைத் தட்டில் தேனைப் பரப்பி, மேலே குளிர்ந்த நீரை ஊற்றி மெல்ல ஆட்டினால், தேனின் பரப்பில் கட்டம் கட்டமாக வலை போன்ற ஓர் உருவம் எழுகிறது. தேன் தான் பிறந்த கூட்டை நினைவில் வைத்திருக்கிறது, அது அதன் மரபணு நினைவு என்று காணொளியில் ஒரு குரல் விளக்குகிறது. என் மாணவிகள் இருவர் அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார்கள். பிறகு எலுமிச்சைப் பாகு இருந்த தட்டையும் ஆட்டினோம். அதிலும் அதே கட்டங்கள் எழுந்தன. அடியில் கெட்டியான கனமான திரவமும் மேலே இலகுவான நீரும் இருக்கும்போது, அசைவினால் நீருக்குள் உண்டாகும் சுழல்கள் கீழ்த் திரவத்தின் பரப்பைக் கட்டங்களாக வரைந்து விடுகின்றன. கட்டங்கள் எல்லாம் அறுகோணமாகவும் இல்லை. ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் இருந்தன. அறுகோணத்தைத் தேடும் கண் அறுகோணத்தை மட்டும் எண்ணிக்கொள்கிறது. தேனில் மகரந்தத்தின் வழியாக வந்த மரபணுத் துணுக்குகள் மிகச் சிறிய அளவில் இருப்பது உண்மை. ஆனால் அறுகோண அறையைக் கட்டுவது மெழுகைச் சுரந்து கட்டும் தேனீயின் வேலை; உள்ளே ஊற்றி வைத்த சர்க்கரைக் கரைசலுக்கு அதில் பங்கில்லை. இதைச் சொன்னபோது ஒரு மாணவி வருந்தினாள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். அழகான விளக்கம் ஒன்றை விட்டுக்கொடுப்பது எளிதல்ல. ஆனால் ஒரு தட்டில் நீரோட்டம் தானாக வலை பின்னுகிறது என்பதும் அழகான செய்திதான், அதோடு அது உண்மையும்கூட.

இத்தனை பலவீனமான சோதனைகள் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தன? ஒரு காலத்தில் கலப்படம் செய்பவர் செய்திருக்கக்கூடிய எளிய காரியம் தண்ணீரையோ நீர்த்த சர்க்கரைக் கரைசலையோ ஊற்றுவது. அந்தக் கலப்படத்தை நீரளவைக் காட்டும் ஒரு சோதனை ஓரளவு பிடித்திருக்கும் என்பது என் ஊகம். பிறகு கலப்படம் மாறிவிட்டது, சோதனை மாறவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. உணவுக் கலப்படத்தை வீட்டிலேயே கண்டறிவதற்காக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வெளியிட்ட கையேட்டிலேயே, தேன்துளி தண்ணீரில் கலையாவிட்டால் தூய்மையானது என்ற குறிப்பு இடம்பெற்றிருக்கிறது. அரசு ஆணையமே சொல்கிறதே என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. அந்த ஆணையத்தின் ஆய்வகத் தரநிர்ணயங்களை நான் மதிக்கிறேன். ஆனால் யார் சொன்னாலும் எலுமிச்சைப் பாகு அந்த டம்ளரில் கலையாமல்தான் நிற்கிறது. வேண்டுமானால் இன்று மாலையே உங்கள் அடுப்பில் காய்ச்சிப் பார்க்கலாம்.

இனி உறைதலுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மலையில் அதுதான் பெரிய வழக்கு. திருப்பூரில் இருக்கும் என் அண்ணி ஒரு மார்கழியில் தொலைபேசியில் அழைத்து, "நீ குடுத்துவிட்ட தேன்ல பாதி சக்கரையா நிக்குது கண்ணு, உன்னையவே ஏமாத்திப்போட்டாங்க" என்றார். அவர் குரலில் என்மீதான அக்கறைதான் இருந்தது. தேன் ஒரு மிகை நிறைவுற்ற கரைசல். அதாவது அந்த அளவு நீரில் இயல்பாகக் கரைந்து நிற்கக்கூடியதைவிட அதிகமான குளுக்கோஸ் அதில் இருக்கிறது. குளிர் வந்ததும், ஏதேனும் ஒரு மகரந்தத் துகளையோ சிறு படிகத்தையோ பிடித்துக்கொண்டு குளுக்கோஸ் படிகமாகப் பிரிந்துவிடுகிறது. ஃப்ரக்டோஸ் அப்படி எளிதில் பிரிவதில்லை. தேன் மிக விரைவாக உறைவது ஏறக்குறைய 14 டிகிரி செல்சியஸில். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எல்டன் டைஸ் என்பவர் 1935-இல் காப்புரிமை பெற்ற முறையில், நுண்ணிய படிகத் தேனைச் சிறிதளவு விதையாகக் கலந்து, இதே வெப்பநிலையில் வைத்துத்தான் வெண்ணெய்போலத் தடவக்கூடிய தேனைத் தயாரிக்கிறார்கள். கோத்தகிரியிலும் உதகையிலும் குளிர்கால அறைகள் யாரும் ஏற்பாடு செய்யாமலே அந்த வெப்பநிலையில்தான் இருக்கின்றன. இங்கிருந்து கிளம்பும்போதே அண்ணியின் பாட்டிலில் படிகத்தின் விதைகள் தோன்றியிருக்க வேண்டும்.

இதை விளக்கியதும் சிலர் மறுமுனைக்குத் தாவிவிடுகிறார்கள். "உறைந்தால்தான் அசல் தேன், உறையாதது எல்லாம் போலி" என்ற செய்தி இப்போது அதே குழுக்களில் அதே வேகத்தில் பரவுகிறது. அதுவும் தவறு. ஃப்ரக்டோஸ் அதிகமாகவும் குளுக்கோஸ் குறைவாகவும் உள்ள தேன்கள் பல மாதங்கள் தெளிவாகவே இருக்கும். எந்தப் பூவின் மது என்பதைப் பொறுத்தது அது. குளுக்கோஸ் மிகுந்த பாகுகளும் குளிரில் உறையும். சூடாக்கி நுண்ணிய வடிகட்டியில் வடித்த தேன், அசலாகவே இருந்தாலும், உறையத் தாமதிக்கும், ஏனென்றால் படிகம் பிடித்துக்கொள்ளும் துகள்கள் அதில் குறைந்துவிட்டன. உறைந்ததா உறையவில்லையா என்பது சர்க்கரைகளின் விகிதத்தையும் குளிரையும் சொல்லும். அசலா போலியா என்பதைச் சொல்லாது. ஒரு தவறான நம்பிக்கையின் நேர் எதிரானது தானாக உண்மையாகிவிடாது என்பதை, இரண்டு செய்திகளையும் ஒரே நாளில் அனுப்பிய உறவினர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிபுணரின் நாக்கையும் சோதித்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாறைத்தேன் எடுக்கும் ஒரு குறும்பப் பெரியவர், எங்கள் மாணவன் ஒருவனின் தாத்தா, பள்ளிக்கு வந்து எண்ணிட்ட குப்பிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தும் சுவைத்தும் பார்த்தார். வெறும் சர்க்கரைப் பாகையும் வெல்லப் பாகையும் முகர்ந்த உடனே ஒதுக்கிவிட்டார். பொந்துத்தேனைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். மலைத்தேனைச் சுவைத்துவிட்டு, எந்த மாதத்தில் எடுத்திருப்பார்கள் என்றுகூடச் சொன்னார். குடும்பத்தார் சொன்ன மாதத்தோடு அது பொருந்தியது. பாதிக்குப் பாதி கலந்த குப்பியிடம் மட்டும் நெடுநேரம் நின்றார். மறுபடி சுவைத்தார், வாய் கொப்பளித்துவிட்டு இன்னொரு முறை சுவைத்தார். கடைசியில், "இதுல தேன் இருக்குது டீச்சர். வேற ஏதும் சேத்துருக்காங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். அந்தக் காடு முழுவதையும் நாக்கில் வைத்திருக்கும் மனிதர், தம் அறிவின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அத்தனை பிள்ளைகள் முன்னிலையில் தயக்கமின்றிச் சொன்னார். அன்று நான் எழுதிய கரும்பலகைக் குறிப்புகளைவிட அந்தப் பதில் என் மாணவர்களுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

அவரால் முடியாததை ஆய்வகம் செய்யுமா? ஓரளவு செய்யும், ஆனால் அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதில்தான் சுவையான வரலாறு இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்து ஃப்ரக்டோஸ் மிகுந்த மலிவான பாகு பெருமளவில் வந்தது. சர்க்கரைகளின் விகிதத்தில் அது தேனை ஒத்திருந்ததால் பழைய வேதிச் சோதனைகள் ஏமாந்தன. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்களான ஜே. டபிள்யூ. ஒயிட், லாண்டிஸ் டோனர் ஆகியோர் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கார்பனின் ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணுவகைகள், எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். மக்காச்சோளமும் கரும்பும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி, தேனீக்கள் மது எடுக்கும் பெரும்பாலான பூச்செடிகளின் வழியிலிருந்து வேறுபட்டது. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 சற்று அதிகமாக இருக்கும். பாகை எவ்வளவு திறமையாகக் காய்ச்சினாலும் அந்த அடையாளத்தை அழிக்க முடியாது. இந்த முறையின் மேதைமை அதுதான். ஆனால் நெல் அப்படிப்பட்ட பயிர் இல்லை; அதன் கார்பன் விகிதம் பூச்செடிகளை ஒத்தது. அரிசியிலிருந்து எடுத்த பாகைக் கலந்தால் அதே சோதனை ஒன்றும் தெரியாமல் கடந்துபோகும்.

டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு இதை நாட்டின் முன் வைத்தது. 13 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட தேனிலிருந்து எடுத்த 22 மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. ஜெர்மனியிலுள்ள ஆய்வகம் ஒன்றில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையிலும் அவை சோதிக்கப்பட்டிருந்தன. நிறுவனங்கள் இந்த முடிவுகளை மறுத்தன. ஆனால் அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு பகுதி. அவர்கள் அசல் தேனில் தாங்களே தெரிந்த அளவுகளில் பாகைக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பாதிக்குப் பாதி கலந்த மாதிரிகூட அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தரச் சோதனைகளில் தேறிவிட்டது. போலி என்று தெரிந்த பொருளைக் கொடுத்துச் சோதனையையே சோதித்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் கண்ணாடி டம்ளருக்கு நாங்கள் செய்ததும் அதுதான்.

காந்த ஒத்ததிர்வு முறை இன்னும் நுட்பமானது. ஒரு தேனில் உள்ள எண்ணற்ற சேர்மங்களின் முழுத் தடத்தையும் எடுத்து, ஏற்கெனவே சேகரித்து வைத்துள்ள அசல் தேன்களின் தொகுப்போடு அது ஒப்பிடுகிறது. ஆகவே அந்தத் தொகுப்பில் எந்தெந்த நாட்டின், எந்தெந்தக் காட்டின் தேன் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் தீர்ப்பும் அமையும். ஒரு பருவத்தில் கசக்கும் தேன்கூடக் கிடைக்கிற இந்தச் சரிவுகளின் மாதிரிகள் அந்தத் தொகுப்பில் போதிய அளவு இல்லையென்றால், அசல் தேனும் அந்நியமாகத் தெரியக்கூடும். "ஆய்வகமும் தவறும், டம்ளரும் தவறும், இரண்டும் ஒன்றுதானே" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்றில்லை. ஐசோடோப்பு முறை எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும் என்பதை அதைப் பயன்படுத்துபவர்களே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்; தவறவிட்டது தெரிந்ததும் அடுத்த முறையைத் தேடினார்கள். டம்ளரை நம்புபவர்கள் அது எப்போது ஏமாறும் என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

சட்டத்திலும் ஒரு முள் இருக்கிறது. இப்போதைய தரநிர்ணயத்தின்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரம் மிகுந்தால் ஈஸ்ட் பெருகித் தேன் புளித்துவிடும் என்பதால் இதற்குக் காரணம் உண்டு. ஆனால் பெருந்தேனீயின் தேன், கூட்டிலிருந்து எடுத்தபடியே, பல நேரங்களில் அந்த வரம்பைத் தாண்டி நிற்கிறது. ஈரத்தைக் குறைக்கும் வசதியுள்ள அமைப்பின் வழியாக விற்கும் குடும்பங்கள் தப்பிக்கின்றன. தனியாக விற்பவர் எதையும் கலக்காமலே தரக்குறைவானவர் ஆகிறார். 1993-இல் தொடங்கப்பட்டு, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் தேன் எடுப்பவர்களோடு சேர்ந்து உழைத்திருப்பதன் அருமை இந்த இடத்தில்தான் எனக்குப் புரிகிறது. கையடக்கமான ஒளிவிலகல்மானி ஒன்றிருந்தால் சில சொட்டுகளில் ஈரத்தை அளந்துவிடலாம். அதுவும் ஈரத்தை மட்டும்தான் அளக்கும், பாகையும் தேனையும் அது பிரித்தறியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சுத்தம் என்ற ஒரே கேள்வியில் நாம் காட்டும் ஆர்வம், அதைவிட முக்கியமான வேறு கேள்விகளை மறைத்துவிடுகிறது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். வளர்ந்தவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்து, மூச்சையே நிறுத்திவிடக்கூடும். இந்நோய் 1976-இல் அமெரிக்காவில் தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. "கடைத் தேன் குடுக்கல, காட்டுல எடுத்த சுத்தமான தேன்தான்" என்று ஓர் இளம் தாய் என்னிடம் சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறியது. உலகிலேயே மிகச் சுத்தமான தேனிலும் அந்த வித்துகள் இருக்கலாம்; சுத்தத்துக்கும் இந்த ஆபத்துக்கும் தொடர்பே இல்லை. ஒரு வயது நிறையும்வரை குழந்தைக்குத் தேன் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொம்புத்தேன் தீங்கு செய்யாது என்ற பேச்சையும் இதே இடத்தில் மறுத்துவிடுகிறேன்: அதில் இருப்பதும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான், இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதே நேரத்தில், ஒரு வயதைத் தாண்டியவர்களின் இருமலுக்குத் தேன் ஓரளவு இதம் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2019-இல் அதைப் பரிந்துரைத்தும் இருக்கிறது. பாட்டி வைத்தியம் என்பதாலேயே ஒன்றைத் தள்ளவும் மாட்டேன், ஏற்கவும் மாட்டேன்.

சரி, எதை நம்பி வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வீட்டுச் சோதனை எதுவும் இல்லை. பாகு கலந்த தேனைச் சமையலறையில் கண்டுபிடிக்கும் வழி இருப்பதாக யார் சொன்னாலும், "தெரிந்தே கலந்த தேனில் செய்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். விற்பவரிடம் எந்தத் தேனீயின் தேன், எந்த மாதத்தில், எந்தப் பக்கத்துச் சரிவில், யார் எடுத்தது என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் ஏமாற்றுக்காரர் என்று பொருளில்லை. பதில் சொல்பவர் பொய் சொல்லவும் கூடும். ஆனால் மாதமும் இடமும் ஆளும் சொல்லப்பட்ட கூற்றை நாலு பேரிடம் விசாரித்துச் சரிபார்க்க முடியும், மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து அந்தப் பருவத்துப் பூக்களோடு ஒப்பிடவும் முடியும். "ஒரிஜினல்" என்ற கூற்றை எதோடும் ஒப்பிட முடியாது. விலையையும் பாருங்கள். பாறையில் இறங்கி எடுத்த தேன் ஆலைப் பாகின் விலைக்குக் கிடைக்க வழியில்லை.

அண்ணியின் பாட்டிலைப் பொறுத்தவரை, மூடியைத் திறந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகாத வெந்நீர்ப் பாத்திரத்தில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அடுப்பில் நேராகக் காய்ச்சினால் நொதிகளும் மணமும் கெடும், ஹைட்ராக்ஸிமெதில்ஃபர்ஃபுரால் என்ற பொருளும் கூடும். பழையதாகிப்போன அல்லது மிகையாகச் சூடாக்கிய தேனை அடையாளம் காண ஆய்வகங்கள் அளப்பது அதைத்தான். படிகம் மெல்ல மெல்லக் கரைய அரை நாள்கூட ஆகலாம், அவசரப்பட வேண்டாம் என்றேன். கரைந்த பிறகும் அது அசல்தான் என்று நான் அவருக்கு உறுதி சொல்லவில்லை. அதை எடுத்தவரை எனக்குத் தெரியும், அவர் சொல்லை நம்புகிறேன், அவ்வளவுதான் என்னிடம் இருக்கும் சான்று என்று சொன்னேன்.